ஆசிரியர்களின் பாதுகாவலர்: அர்ச். ஸ்நாபக அருளப்பர் தெ லா சால்



நம் விரலைப் பிடித்து மணலில் அகரம் எழுதவைத்தவர் யார்? சிலுவை அடையாளம் வரைய நம் கையைத் தூக்கிவிட்டு, ஞானோபதேசக் கேள்வி பதில்களைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தவர் யார்? அப்படிப்பட்ட ஓர் ஆசிரியரோ ஆசிரியையோ நம் ஒவ்வொருவருக்கும் இருந்திருப்பார். அவர்கள் விதைத்துவிட்டுப் போனார்கள். விளைச்சலை அவர்கள் கண் பார்த்ததில்லை. கொத்தன் தான் கட்டிய சுவரை மாலையில் நின்று பார்க்கலாம். உழவன் நாலு மாதத்தில் கதிரைப் பார்க்கலாம். ஆசிரியர் தம் வேலையின் பலனைக் காண இருபது வருஷம் காத்திருக்கவேண்டும். பல வேளைகளில் காணாமலே போய்விடுகிறார். ஆதலால் அந்தத் தொழிலுக்கு அறிவும் பொறுமையும் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் நம்பிக்கை என்னும் தேவபுண்ணியம்.

இந்தப் புண்ணியத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்த ஒருவரையே நம் தாயாகிய திருச்சபை ஆசிரியர்கள் அனைவருக்கும் பரலோகப் பாதுகாவலராகத் தந்திருக்கிறது. 1950-ம் ஆண்டு மே 15-ம் நாள் பரிசுத்த பாப்பரசர் 12-ம் பத்திநாதர் அவரை அந்த மகிமைக்கு உயர்த்தினார். அவர்தான் அர்ச். ஸ்நாபக அருளப்பர் தெ லா சால். அவருடைய சரித்திரத்தைச் சற்று நிதானமாய்ப் பார்ப்போம்.

செல்வக் குடும்பத்தின் மூத்த மகன்

பிரான்சு தேசத்தின் வடகிழக்கே ரேம்ஸ் என்னும் பழமையான நகரம் இருக்கிறது. அத்தேசத்து அரசர்கள் அந்நகரத்துப் பேராலயத்தில் முடிசூட்டப்படுவது வழக்கமாயிருந்தது. அங்கே 1651-ம் ஆண்டு ஏப்ரல் 30-ம் நாள் நமது அர்ச்சியசிஷ்டவர் பிறந்தார். தந்தை லூயி தெ லா சால் நீதிமன்றத்தில் உயர்ந்த பதவி வகித்தவர். தாய் நிக்கோல் மோயெத் பக்தியுள்ள மாது. பிறந்த 11 பிள்ளைகளில் 4 பேர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். எஞ்சிய 7 பேரில் இவரே மூத்தவர்.

குருவாக வேண்டும் என்னும் ஆசை இவருக்குச் சிறு வயதிலேயே உண்டாயிற்று. 1667-ம் ஆண்டில், 15 வயதிலேயே, ரேம்ஸ் பேராலயத்தின் கனோன் பதவி இவருக்குக் கிடைத்தது. பேராலயத்தில் கூடிக் கட்டளைச் செபம் சொல்லும் குருக்கள் கூட்டத்தாருக்கு அந்தப் பெயர். நல்ல வருமானமும் பெரிய மதிப்பும் உள்ள பதவி அது. நகரத்துப் பெரிய குடும்பங்கள் எல்லாம் அதன்மேல் கண் வைத்திருந்தன.

1670-ம் ஆண்டில் பாரீஸ் பட்டணத்து அர்ச். சுல்பீஸ் குருமடத்தில் சேர்ந்தார். ஒரு வருஷம் கழிவதற்குள், 1671 ஜூலையில், தாயார் இறந்தார். அடுத்த ஏப்ரலில் தந்தையும் இறந்தார். இருபது வயது வாலிபன் குருமடத்தை விட்டு ஊர் திரும்பி, தம்பி தங்கைமார் ஆறு பேருக்கும் தாயும் தந்தையுமாய் இருக்கவேண்டி வந்தது. சொத்துக் கணக்கு, வழக்கு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அவர் தலைமேல் விழுந்தன. அவற்றின் நடுவே தம் படிப்பையும் விடாமல் தொடர்ந்து, 1678-ம் ஆண்டு பெரிய சனிக்கிழமையன்று குருப்பட்டம் பெற்றார். 1680-ல் வேதசாஸ்திரத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

இதுவரைக்கும் அவருடைய வாழ்வில் பள்ளிக்கூடம் நடத்தவேண்டும் என்ற எண்ணமே கிடையாது. வாசகரே, இதை நன்றாய் நினைவில் வைத்துக்கொள்ளும்.

கதவருகே ஒரு சந்திப்பு

அக்காலத்து ஏழைப் பிள்ளைகளின் நிலை என்ன? தச்சனும் நெசவாளியும் கூலிக்காரனும் விடிந்தது முதல் இருட்டும் வரை உழைத்தால்தான் கஞ்சி. அவர்களுடைய பிள்ளைகள் தெருவில் திரிந்தார்கள். காசு கொடுத்தவர்களுக்குத்தான் பள்ளிக்கூடம். தருமப் பள்ளிகள் அங்கங்கே இருந்தாலும், வேறு வேலை கிடைக்காதவர்களே பெரும்பாலும் அவற்றில் ஆசிரியராய் வந்தார்கள். ஆசிரியர் என்றால் ஊரில் மதிப்பும் இல்லை, கையில் காசும் இல்லை.

ரேம்ஸ் நகரில் பிறந்து ருவான் நகரில் வாழ்க்கைப்பட்டிருந்த மயிஃபேர் என்னும் சீமாட்டி ஒருத்தி இருந்தாள். ஆடம்பரத்திலும் கல்நெஞ்சிலும் பேர்போனவள். அவளால் துரத்தப்பட்ட பிச்சைக்காரன் ஒருவன் அன்றிரவே அவள் வீட்டுக் குதிரை லாயத்தில் இறந்துகிடந்தான் என்றும், அது முதல் அவள் மனந்திரும்பித் தன் செல்வத்தை ஏழைகளுக்கே செலவிட்டாள் என்றும் சரித்திரம் எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். தன் சொந்த ஊரில் ஏழைப் பையன்களுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று விரும்பி, அத்ரியான் நீயேல் என்னும் நல்ல மனுஷனை 1679-ம் ஆண்டில் அவள் ரேம்ஸ் நகருக்கு அனுப்பினாள்.

நீயேல் நேரே குழந்தை சேசுவின் கன்னியர் மடத்துக்குப் போனார். அதே வேளையில் தெ லா சால் சுவாமியாரும் அம்மடத்துக்கு வந்தார். அவருடைய ஞானத் தகப்பனாராகிய ரோலான் சுவாமியார் முந்தின வருஷம் மரிக்கும்போது, அந்தக் கன்னியர்களை இவர் கையில் ஒப்படைத்திருந்தார். இருவரும் மடத்தின் வாசலில் சந்தித்தார்கள். சுவாமியார் தம் வீட்டில் அவருக்கு இடங்கொடுத்து, பள்ளி திறப்பதற்கு வழியும் சொன்னார். அர்ச். மவுரீஸ் பங்கில் முதற் பள்ளி திறக்கப்பட்டது. பிறகு இன்னொன்று, இன்னொன்று என்று பெருகின.

சுவாமியார் செய்தது ஒரு சிறு உபகாரம். அதோடு தம் வேலை முடிந்தது என்றே எண்ணினார். இது தம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் இதில் கையே வைத்திருக்கமாட்டார் என்று அவரே பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். சர்வேசுரன் எவரையும் பலவந்தம் செய்கிறவர் அல்ல. ஒரு படி ஏறினபின்தான் அடுத்த படியைக் காட்டுகிறார்.

படிப்படியாய் இறங்கிய செல்வர்

நீயேல் பள்ளிகளைத் திறப்பதில் கெட்டிக்காரர்; ஆனால் ஓரிடத்தில் நிலைத்திருந்து ஆசிரியர்களைப் பழக்குவது அவரால் ஆகவில்லை. ஆசிரியர்கள் ஒழுங்கின்றி வாழ்ந்தார்கள். பள்ளியும் தள்ளாடியது. சுவாமியார் முதலில் அவர்களைத் தம் வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைத்தார். பிறகு 1681-ம் ஆண்டு ஜூன் 24-ம் நாள், தம் நாமகரணத் திருநாளன்று, அவர்களைத் தம் வீட்டிலேயே குடிவைத்தார்.

உறவினருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. டாக்டர் பட்டம் பெற்ற குரு, பேராலயத்துக் கனோன், குலம் கோத்திரம் அறியாத இந்த ஆட்களோடு ஒரே மேசையில் உட்காருவதா? தம்பிமார் இருவரை வேறிடத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். சுவாமியாருக்கும் இது எளிதாயிருந்தது என்று எண்ணவேண்டாம். தொடக்கத்தில் அந்த ஆசிரியர்களைத் தம் வேலைக்காரனிலும் தாழ்ந்தவர்களாகவே மதித்ததாய் அவரே எழுதியிருக்கிறார். அவர்களோடு வாழத் தொடங்கியபோது அவர்களுடைய சாப்பாடு அவருக்குக் குமட்டியது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பசி தாங்கமுடியாமல் எதையும் உண்ணும் நிலை வரும்வரைக்கும் பட்டினி கிடந்து, தம் நாவை அடக்கினார். மறு வருஷம் அதே திருநாளில் தகப்பன் வீட்டை விட்டே வெளியேறி, ஆசிரியர்களோடு ஒரு வாடகை வீட்டில் குடியேறினார்.

பிறகு ஒருநாள் ஆசிரியர்கள் தங்கள் மனக்குறையை வெளியிட்டார்கள். வயதானபின் எங்கள் கதி என்ன என்று கேட்டார்கள். சுவாமியார் தேவ பராமரிப்பைப்பற்றியும், ஆகாயத்துப் பறவைகளைப்பற்றியும் அழகாய்ப் பிரசங்கித்தார். அவர்களோ, உமக்குச் சொத்து இருக்கிறது, கனோன் பதவி இருக்கிறது, பள்ளி மூடினால் உமக்கு நஷ்டமில்லை, நாங்கள்தான் தெருவில் நிற்போம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

கோபப்படவேண்டிய இடம். அவர் கோபப்படவில்லை. அவர்கள் சொன்னது நியாயம் என்று உணர்ந்தார். தானே மெத்தையில் படுத்துக்கொண்டு தரையில் கிடப்பவனுக்கு நம்பிக்கையைப் போதிப்பது எப்படி? பாரீஸ் பட்டணத்திலே பாரே சுவாமியார் என்னும் புண்ணியவாளரிடம் ஆலோசனை கேட்டார். எல்லாவற்றையும் விட்டுவிடும் என்று அவர் சொன்னார். 1683-ம் ஆண்டில் சுவாமியார் கனோன் பதவியை விட்டார். அதைத் தம் தம்பிக்குக் கொடுக்கவேண்டும் என்று குடும்பத்தார் ஆசைப்பட்டும், ஓர் ஏழைக் குருவுக்குக் கொடுத்தார்.

1684-ம் ஆண்டு குளிர் காலத்திலே அந்நாட்டில் கொடிய பஞ்சம் உண்டாயிற்று. சுவாமியார் தம் ஆஸ்தியை விற்று அப்பமாக்கி, மறு வருஷம் வரை நாள்தோறும் ஏழைகளுக்குப் பங்கிட்டார். அதில் ஒரு பாகத்தைப் பள்ளிகளுக்கு மூலதனமாய் வைத்துக்கொள்ளலாமே என்று பலர் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. பஞ்சம் தீர்ந்தபோது அவரும் தம் ஆசிரியர்களைப்போல ஏழையாய் நின்றார். இனிமேல் தேவ பராமரிப்பைப்பற்றிப் பேச அவருக்கு வாய் உண்டு. இந்த நாட்களில்தான் ஆசிரியர்கள் ஒரே விதமான எளிய உடை தரித்து, தங்களைச் சகோதரர் என்று அழைத்துக்கொண்டார்கள். கிறீஸ்தவப் பள்ளிகளின் சகோதரர் சபை இவ்விதமாய்ப் பிறந்தது.

வகுப்பறையில் செய்த மாறுதல்

இச்சகோதரருடைய பள்ளியில் அப்படி என்ன புதுமை? அக்காலத்தில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையாய்க் கூப்பிட்டுப் பாடம் கேட்பார். மற்றப் பிள்ளைகள் சும்மா இருந்து சத்தம் போடுவார்கள். தெ லா சால் சுவாமியார் பிள்ளைகளைத் தரத்துக்குத் தகுந்தபடி பிரித்து, ஒரு வகுப்பு முழுவதும் ஒரே பாடத்தை ஒருமிக்கக் கற்கும்படி செய்தார். முன்பு லத்தீன் மொழியில் வாசிக்கப் பழக்கிய பிறகே தாய்மொழிக்கு வருவார்கள். நாலைந்து வருஷத்தில் வேலைக்குப் போகவேண்டிய ஏழைப் பிள்ளைக்கு அதனால் இரண்டும் வராமற்போகும். இவர் தாய்மொழியாகிய பிரெஞ்சை முதலில் வைத்தார்.

கட்டணம் கிடையாது. பிள்ளைகளிடமோ பெற்றோரிடமோ சகோதரர் எந்தப் பரிசும் வாங்கக்கூடாது. கோபத்தில் தண்டிக்கக்கூடாது, கையால் அடிக்கக்கூடாது, இழிவான பெயர் சொல்லி அழைக்கக்கூடாது. ஒவ்வொரு பிள்ளையின் குணத்தையும் ஆசிரியர் எழுதிவைக்கவேண்டும். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிக்கவேண்டும். பாடத்தின் நடுவே அவ்வப்போது நிறுத்தி, சர்வேசுரனுடைய சந்நிதியில் இருக்கிறோம் என்று எல்லாரும் நினைவுகூரவேண்டும். இந்த ஒழுங்குகளை எல்லாம் சகோதரரோடு கலந்து ஆலோசித்து ஒரு நூலாகவே எழுதினார். அது அவர் மரித்தபின் 1720-ல் அச்சாயிற்று.

ஆசிரியர்களைப் பயிற்றுவிக்காமல் பள்ளி உருப்படாது என்று கண்டு, 1685-ம் ஆண்டிலேயே கிராமத்து ஆசிரியர்களுக்காக ஒரு பயிற்சிப் பள்ளி திறந்தார். வேலைக்குப் போகும் வாலிபர்களுக்குப் பாரீஸ் பட்டணத்தில் 1699-ல் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஒன்று தொடங்கினார். இன்று நமது பள்ளிகளில் சாதாரணமாய்க் காணும் பல காரியங்கள் அன்று இந்த ஏழைச் சகோதரர் உழைப்பால் வேரூன்றியவை.

தம் சகோதரருக்கு அவர் ஓயாமல் சொல்லிவந்த உபதேசம் ஒன்றுண்டு. ஆசிரியர் அந்தப் பிள்ளைகளுக்குக் காவற்சம்மனசைப்போல் இருக்கிறார். சேசுகிறீஸ்துநாதருடைய ஸ்தானாபதியாய் அவர்கள் முன் நிற்கிறார். கிழிந்த சட்டையோடு வரும் பிள்ளையிடத்தில் சேசுநாதரையே காணவேண்டும். ஊரார் கேவலமாய் மதித்த ஒரு தொழிலை இவர் திவ்விய ஊழியமாகக் கண்டார். ஆசிரியர்களும் அப்படிக் காணும்படி செய்தார்.

மூன்று பேர் செய்த வார்த்தைப்பாடு

1688-ம் ஆண்டில் சகோதரர் பாரீஸ் பட்டணத்துக்கு வந்தார்கள். துன்பங்களும் கூடவே வந்தன. கட்டணம் வாங்கிப் பிழைத்த ஆசிரியர்களும், எழுத்துக் கற்பிக்கும் உரிமை தங்களுக்கே உண்டென்ற கூட்டத்தாரும் வழக்குமேல் வழக்குத் தொடுத்தார்கள். சகோதரர் பலர் களைத்துப் போய்ச் சபையை விட்டார்கள். சுவாமியாரே கடும் நோயில் விழுந்தார். தமக்குப்பின் தலைவராய் இருக்க ஹென்றி லெரு என்னும் சகோதரரைக் குருப்பட்டத்துக்கு ஆயத்தம் செய்துவந்தார். அவரும் திடீரென்று மரித்துப்போனார். செய்தி கேட்டு ரேம்ஸ் நகரிலிருந்து ஓடிவந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது. சுவாமியார் கண்ணீர் விட்டு அழுதார். பத்து வருஷத்து உழைப்பு மணல்வீடுபோலச் சரிவதாய்த் தோன்றிற்று.

வாசகரே, நாமாயிருந்தால் என்ன செய்திருப்போம்? நம்மால் ஆனதைச் செய்தோம், தேவசித்தம் இல்லைபோலும் என்று ஊருக்குத் திரும்பியிருப்போம். அவரோ 1691-ம் ஆண்டு நவம்பர் 21-ம் நாள், தேவமாதா கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கப்பட்ட திருநாளன்று, நிக்கோலாஸ் வுய்யார், கபிரியேல் த்ரோலன் என்னும் இரு சகோதரரோடு சேர்ந்து இரகசியமாய் ஒரு வார்த்தைப்பாடு கொடுத்தார். இச்சபையில் தாங்கள் மூவர் மட்டுமே மிஞ்சினாலும், பிச்சை எடுத்து வெறும் அப்பத்தை உண்டே வாழவேண்டி வந்தாலும், இந்தப் பள்ளிகளைக் கைவிடுவதில்லை என்பதே அந்த வாக்கு.

இதுதான் நம்பிக்கை. காரியம் ஜெயமாகும் என்று தெரிந்து துணிவது நம்பிக்கையல்ல, அது கணக்கு. எல்லாம் தோற்றுப்போகிறதாய்த் தோன்றும் நாளில் சர்வேசுரனைப் பற்றிக்கொண்டு, மறுநாள் காலையில் மணியடித்துப் பள்ளியைத் திறப்பதே நம்பிக்கை.

அந்த மூவரில் வுய்யார் சில வருஷங்களுக்குப்பின் பிரிந்து போனார். அந்தப் புண் சுவாமியாருக்குக் கடைசிவரை ஆறவில்லை. த்ரோலனோ 1702-ல் ரோமாபுரிக்கு அனுப்பப்பட்டு, பெரும்பாலும் துணையின்றித் தனியாய், 26 வருஷம் அங்கே ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டு சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். தாய்நாடு திரும்பி வந்தபோது சுவாமியார் மரித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஒருவர் உதிர்ந்தார், ஒருவர் நிலைத்தார். வார்த்தைப்பாட்டின் பலனை அளப்பது நம் வேலையல்ல.

சகோதரர் எழுதிய கடிதம்

பின்வந்த வருஷங்களிலும் சிலுவை விலகவில்லை. 1702-ம் ஆண்டில், தப்பான முறைப்பாடுகளின் பேரில், பாரீஸ் அதிமேற்றிராணியார் அவரைத் தலைமையிலிருந்து நீக்கி வேறொரு குருவை நியமித்தார். சகோதரர் அதை ஏற்கமாட்டோம் என்று உறுதியாய் நின்றார்கள். 1704-ல் எழுத்தாசிரியர்கள் தொடுத்த வழக்கில் தீர்ப்பு அவருக்கு விரோதமாயிற்று. 1712-ல் இன்னொரு வழக்கு வந்தது. செல்வந்தனான ஒரு வாலிபக் குருமாணவன் தானாக விரும்பிக் கேட்ட உதவிக்காக, அவனை ஏமாற்றியவர் என்ற அவப்பெயரை நீதிமன்றம் சுவாமியார்மேல் சுமத்தியது.

அவர் மனமுடைந்து தென்திசைக்குப் போனார். அங்கே மர்சேய் நகரில் தொடங்கிய நவசந்நியாச மடமும் மூடப்பட்டது. சகோதரரிலே சிலரும் அவரை முகங்கொடுத்து ஏற்கவில்லை. தாமே இந்தச் சபைக்குத் தடையாய் இருக்கிறோமோ என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. தனிமையையும் செபத்தையும் நாடி ஒதுங்கினார். கிரெனோபிள் நகரில் ஒரு சகோதரர் இல்லாதபோது, வேதசாஸ்திர டாக்டராகிய அவரே சிறுவர் வகுப்பில் நின்று எழுத்துக் கற்பித்தார். அவர்களைக் கோவிலுக்கு வரிசையாய் அழைத்துப் போனார்.

1714-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிட்டு, பாரீஸ் பகுதிச் சகோதரரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உருக்கமான கடிதம், ஆயினும் கெஞ்சும் கடிதமல்ல. நீர் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தது இந்தச் சபைக்கு. ஆகையால் சபையின் பெயராலே உமக்குக் கட்டளையிடுகிறோம், உடனே திரும்பி வந்து எங்களை நடத்தும் என்று எழுதியிருந்தார்கள். தலைவருக்குச் சீஷர் கட்டளையிடுவதா? பார்மெனி என்னும் மலையில் செபத்தில் வாழ்ந்துவந்த, எழுதப் படிக்கத் தெரியாத லூயிஸ் என்னும் புண்ணியவதியிடமும் தம் ஐயத்தைச் சொல்லியிருந்தார். பிள்ளைகளை விட்டுப் பிரிவது தேவசித்தமல்ல என்றே அவளும் சொன்னாள். அவர் கீழ்ப்படிந்தார். ஆகஸ்டு 10-ம் நாள் பாரீஸ் வந்து சேர்ந்து, வந்துவிட்டேன், நான் செய்யவேண்டியது என்ன என்று சகோதரரைக் கேட்டார்.

ஓர் ஆசிரியரைத் தம் மாணாக்கர் நேசித்தார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? தாம் கற்பித்த பாடத்தையே அவர்கள் தமக்குத் திருப்பிச் சொன்னபோது அவர் தலைவணங்கினார். அவர் விதைத்தது முளைத்திருந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை

1717-ம் ஆண்டில் சகோதரர் கூடி, பர்த்தொலொமேயு சகோதரரைத் தலைவராய்த் தெரிந்துகொண்டார்கள். தெ லா சால் சுவாமியார் ருவான் நகரத்துப் புறத்தேயுள்ள சேன் யோன் மடத்தில், எல்லாருக்கும் கடையராய், சிறு காரியத்துக்கும் உத்தரவு கேட்டு வாழ்ந்தார். வாத நோயும் மூச்சிரைப்பும் அவரை வாட்டின. 1719-ம் ஆண்டு மார்ச் 19-ம் நாள், தாம் சபைக்குப் பாதுகாவலராகக் கொண்டிருந்த அர்ச். சூசையப்பர் திருநாளன்று, யாரும் எதிர்பாராத பலம் வந்து எழுந்து பூசை செய்தார். பிறகு மறுபடியும் படுத்தார்.

அவர் மரிப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னே கடைசிச் சிலுவையும் வந்தது. பங்குக் குருவோடு ஏற்பட்ட ஒரு விவாதத்தின் காரணமாய், குருவாக அவர் கொண்டிருந்த அதிகாரங்களை மேற்றிராசனத்து அதிகாரிகள் நீக்கிவிட்டார்கள். நாற்பது வருஷத்துக்குமேல் குருவாய் ஊழியம் செய்தவருக்கு மரணப் படுக்கையில் கிடைத்த சம்பாவனை அது. அவர் முறுமுறுக்கவில்லை. உம்முடைய துன்பங்களை மனதார ஏற்கிறீரா என்று பர்த்தொலொமேயு சகோதரர் கேட்டபோது, தம்மைச் சர்வேசுரன் நடத்திவந்த விதம் அனைத்திலும் அவரை ஆராதிப்பதாய்ப் பதில் சொன்னார். ஏப்ரல் 7-ம் நாள், பெரிய வெள்ளிக்கிழமை விடியற்காலையில், 67 வயதில் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார்.

அன்று அவர் விட்டுப்போனது சுமார் 100 சகோதரரும் இருபதுக்கு மேற்பட்ட மடங்களும். பாப்பானவருடைய அங்கீகாரமும் இல்லை, அரசரின் அங்கீகாரமும் இல்லை. பெரிய வெள்ளிக்கிழமையோடு கதை முடிந்தது என்று எண்ணுகிறவர்கள் இதையும் தோல்வி என்றே எண்ணியிருப்பார்கள். உயிர்ப்பை விசுவசிக்கிற நாம் அப்படி எண்ணலாமா?

விதைத்தது முளைத்தது

ஆறு வருஷம் கழியுமுன்னே, 1725-ம் ஆண்டு ஜனவரி 26-ம் நாள், 13-ம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் சபையை அங்கீகரித்தார். பிரெஞ்சுப் புரட்சியில் 1792-ல் அது கலைக்கப்பட்டது. அவ்வருஷம் செப்டம்பர் 2-ம் நாள் சாலமோன் என்னும் சகோதரர் விசுவாசத்துக்காகப் பாரீஸ் பட்டணத்தில் வெட்டுண்டு மரித்தார். 2016-ல் அவர் அர்ச்சியசிஷ்டராக அறிவிக்கப்பட்டார். புரட்சி ஓய்ந்தபின் சிதறிய சகோதரர் மறுபடியும் ஒன்றுகூடினார்கள். தெ லா சால் சுவாமியாரை 1900-ம் ஆண்டு மே 24-ம் நாள் 13-ம் சிங்கராயர் பாப்பரசர் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தினார். அவருடைய பூச்சிய சரீரம் 1937 முதல் ரோமாபுரியில் சபையின் தலைமை மடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அவர் மரித்த 300-வது ஆண்டை 2019-ல் சபையார் ஜூபிலியாகக் கொண்டாடினார்கள். முன்பு மே 15-ல் வந்த அவருடைய திருநாள் இப்பொழுது ஏப்ரல் 7-ல் வருகிறது.

ஏறக்குறைய 80 நாடுகளில் இன்று அவருடைய பள்ளிகள் உண்டு. நமது தூத்துக்குடியிலும் அவர் பெயரால் ஒரு பள்ளி பிள்ளைகளுக்குக் கல்வி தருகிறது. அத்ரியான் நீயேல் வாசலில் நின்ற அந்த நாளிலே இதையெல்லாம் யார் கண்டார்கள்?

நாம் செய்யவேண்டியது

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளின் காதில் விழும்படி ஆசிரியரை இழிவாய்ப் பேசாதீர்கள். நீங்கள் மதிக்காதவரைப் பிள்ளை மதிக்காது. மதிக்காதவரிடம் கற்கவும் செய்யாது. ஆசிரியர்களே, வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கும் மந்தமான பிள்ளை உங்களைச் சோதிக்கும்போது, இது பயனற்ற பாடு என்று சோர்ந்துபோகாதீர்கள். உங்கள் பாதுகாவலருக்குத் தோல்வியின் சுவை நன்றாய்த் தெரியும். அவரை மன்றாடுங்கள், வகுப்பைத் தொடங்குமுன் ஒரு நிமிஷம் சர்வேசுரனுடைய சந்நிதியை நினையுங்கள்.

நம்மிலே படித்து முன்னுக்கு வந்தவர்கள், தங்களுக்குக் கற்பித்தவர் உயிரோடிருந்தால் ஒருமுறை போய்ப் பார்த்து, உம்மால்தான் நான் இந்த நிலைக்கு வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேறு எந்தச் சம்பளத்திலும் அவருக்குக் கிடைக்காத ஆறுதல் அது. அவர் மரித்திருந்தால், அவருடைய ஆத்துமத்துக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள். அதற்கு வசதியில்லாதவர்கள் ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லுங்கள். நமக்குச் செபம் சொல்லக் கற்பித்தவருக்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.

அர்ச். ஸ்நாபக அருளப்பரே, எங்கள் ஆசிரியர்களுக்காக வேண்டிக்கொள்ளும்.